மெஷ்ஷை நுணுக்கியும் விரிசல் தவறான நேரத்தில் திறக்கிறது: செறிவூட்டிய முறைகள் உதவுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். ஓர் உலோகத் தகட்டில் ஏற்கெனவே ஒரு விரிசல் இருக்கிறது. ஓரத்தில் அடி விழுகிறது, அலை ஓடிவந்து விரிசலைத் தாக்குகிறது, விரிசல் வளரத் தொடங்குகிறது. இதை ஃபைனைட் எலிமென்ட் முறையில், அதாவது தகட்டைக் கணுக்களில் இணையும் சின்னச் சின்ன எலிமென்ட்டுகளாகப் பிரித்து (இந்த வலைதான் மெஷ்), கணக்கிட வேண்டும். மெஷ்ஷை எத்தனை முறை நுணுக்கினாலும் விரிசல் நகரத் தொடங்கும் நேரம் மாறிக்கொண்டே இருக்கிறது. எக்ஸ்ஃபெம் (XFEM), ஜிஃபெம் (GFEM) என்று சொல்லப்படும் செறிவூட்டிய முறைகள், அதாவது தீர்வைப் பற்றி முன்பே தெரிந்த சார்புகளை எலிமென்ட்டுக்குள் சேர்த்துக்கொள்பவை, இதைத் தீர்க்குமா? தீர்க்கும் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உதவும். ஆனால் விரிசல் நுனியில் கைவைப்பதற்கு முன் அலையைச் சரிசெய்யுங்கள். பலரும் தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நுனிக்கென்று இருக்கும் சார்புகளை எல்லாம் சேர்த்தேன், தொகையீட்டுப் புள்ளிகளை மூன்று மடங்காக்கினேன், விரிசல் திறக்கும் நேரம் ஏன் இன்னும் பிந்துகிறது என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் விரிசலையே எடுத்துவிட்டு வெறும் தகட்டை ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அலையே தாமதமாக வந்துகொண்டிருந்தது. நுனி பாவம், வந்த அலைக்குச் சரியாகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

சாதாரண ஃபைனைட் எலிமென்ட் முறை ஒவ்வோர் எலிமென்ட்டுக்குள்ளும் இடப்பெயர்ச்சியை ஒரு பல்லுறுப்புக்கோவையாக எழுதுகிறது. தீர்வு வழவழப்பாக இருக்கும்வரை இதைப்போல் வசதியான முறை வேறில்லை. விரிசலும் அலையும் இந்த ஏற்பாட்டை இரண்டு வெவ்வேறு விதமாகக் கெடுக்கின்றன. இரண்டுக்கும் மருந்து ஒன்று என்று நினைத்துவிடுவதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

விரிசல் செய்யும் கேடு உள்ளூர்க் கேடு. நேரியல் மீள்தன்மைக் கொள்கைப்படி நுனிக்கு அருகில் தகைவு (ஓரலகுப் பரப்பின் மீதான உள்விசை) எப்படி இருக்கும் என்பதை 1957-இல் வில்லியம்ஸ் காட்டிவிட்டார்: நுனியிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் அது ஏறிக்கொண்டே போகும். பல்லுறுப்புக்கோவை எதற்கும் இந்த வடிவம் வராது. சீரான மெஷ்ஷில் எலிமென்ட்டின் அளவைப் பாதியாக்கினால் ஆற்றலை வைத்து அளக்கும் பிழை வெறும் 1.41 மடங்குதான் குறையும். எலிமென்ட்டின் படியை உயர்த்தினாலும் இந்த வீதம் மாறாது. பிழை பத்தில் ஒன்றாக வேண்டுமானால் எலிமென்ட் நூறு மடங்கு சிறியதாக வேண்டும். இரு பரிமாணத்தில் அது 10,000 மடங்கு எலிமென்ட்டுகள்.

பயமுறுத்தும் எண்தான். ஆனால் நோய் ஓரிடத்தில் இருப்பதால் வைத்தியமும் ஓரிடத்தில் போதும். நுனியைச் சுற்றி மட்டும் மெஷ்ஷை நுணுக்கலாம். அல்லது 1970-களிலேயே கண்டுபிடித்த ஒரு கைத்திறனைப் பயன்படுத்தலாம்: இருபடி எலிமென்ட்டின் நடுக்கணுவை நுனிப் பக்கமாகக் கால்வாசித் தூரத்துக்கு நகர்த்திவிட்டால் அந்த வர்க்கமூல வடிவம் தானாக வந்துவிடும். அசையாத விரிசல் ஒன்றின் தகைவுச் செறிவு எண் (நுனியில் தகைவு எவ்வளவு கடுமை என்று சொல்லும் எண்) மட்டும் வேண்டுமென்றால் இன்றைக்கும் நான் அதைத்தான் சொல்வேன். எக்ஸ்ஃபெம் தேவையே இல்லை. விரிசல் நகரும்போதுதான் அது கசக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் புது மெஷ், பழைய மெஷ்ஷிலிருந்து திசைவேகமும் தகைவும் புதியதற்கு மாற்றம், அந்த மாற்றத்தில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆற்றல் காணாமல் போவது.

அலை செய்யும் கேடு வேறு வகை. அது சேர்ந்துகொண்டே போகும். ஒரு பரிமாணக் கம்பி ஒன்றை எடுங்கள், நேரியல் எலிமென்ட்டுகள், ஓர் அலைநீளத்துக்குப் பத்து எலிமென்ட். "அலைநீளத்துக்குப் பத்து" என்பது எல்லோரும் சொல்லும் கட்டைவிரல் கணக்கு. நிறை அணியை (நிறை கணுக்களிடையே எப்படிப் பங்கிடப்படுகிறது என்ற அட்டவணை) மூலைவிட்டத்தில் குவித்துக்கொண்டால், அதாவது நிறை முழுவதையும் கணுக்களிலேயே வைத்துவிட்டால், கணித மெஷ்ஷில் ஓடும் அலை உண்மையான அலையைவிட சுமார் 1.6 சதவீதம் மெதுவாக ஓடும். நிறை அணியைக் குவிக்காமல் முழுதாக வைத்துக்கொண்டால் ஏறக்குறைய அதே 1.6 சதவீதம் வேகமாக ஓடும். இரண்டின் சராசரியை எடுத்தால் முதன்மைப் பிழை அடிபட்டுப்போகும் என்பது பழைய தந்திரம். ஒரு பரிமாணத்துக்கு அழகாக வேலை செய்யும்.

1.6 சதவீதம் என்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் இந்த அலை 30 அலைநீளம் ஓடட்டும். பிழை கிட்டத்தட்ட அரை அலைநீளம் ஆகிவிடும். முகடு வர வேண்டிய இடத்தில் அகடு வந்து நிற்கும். விரிசலை இழுத்துத் திறக்க வேண்டிய நேரத்தில் அலை அதை அமுக்கி மூடிக்கொண்டிருக்கும். மெஷ்ஷை இரட்டிப்பாக நுணுக்கினால் வேகப்பிழை 0.4 சதவீதமாகக் குறையும்; 30 அலைநீளத்துக்குப் பிறகும் சுமார் 44 பாகை கட்டப்பிழை (ஒரு முழு அலை 360 பாகை) மிஞ்சும்.

இதற்கு மாசுபடுதல் விளைவு என்று பெயர். 1990-களில் இலென்பர்க்கும் பபுஷ்காவும் இதை ஒரே அதிர்வெண் அலைக்கான ஹெல்ம்ஹோல்ட்ஸ் சமன்பாட்டில் கணித ரீதியாக அலசினார்கள். பிழைக்கு இரண்டு பங்கு உண்டு. ஒன்று, அலைநீளத்துக்கு எத்தனை எலிமென்ட் என்பதை மட்டும் பொறுத்தது. இன்னொன்று, மாதிரிக்குள் எத்தனை அலைநீளம் அடங்குகிறது என்பதையும் சேர்த்துப் பொறுத்தது. அதனால் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கினால் நேரியல் எலிமென்ட்டைப் பாதியாக்கினால் போதாது, ஏறக்குறைய 2.8-இல் ஒரு பங்காக்க வேண்டும். முப்பரிமாணத்தில் 8 மடங்கு எலிமென்ட் போதும் என்று நினைத்தவருக்கு 22 மடங்குக்கு மேல் கேட்கும். ஒரு பரிமாணத்தில் இந்த மாசை முழுக்க ஒழிக்கலாம், இரண்டு பரிமாணத்திலிருந்து அது முடியாது என்று 1997-இல் பபுஷ்காவும் சாட்டரும் காட்டினார்கள். திசைதான் காரணம். கம்பியில் அலை இரண்டு பக்கம்தான் ஓடும். தகட்டில் எந்தப் பக்கமும் ஓடும்.

விரிசலே இல்லாத அலைக் கணக்கு என்றால் இந்த இடத்திலேயே நிறுத்தி, உயர்படி ஸ்பெக்ட்ரல் எலிமென்ட்டைப் பயன்படுத்துங்கள் என்று சொல்லிவிடுவேன். நிலநடுக்க அலைகளைக் கணக்கிடுகிறவர்கள் பல வருடங்களாக அதில்தான் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். நிறை அணியும் அதில் தானாகவே மூலைவிட்டமாகிவிடும். உங்களுக்கு விரிசலும் இருக்கிறது, அதனால் மேலே படியுங்கள்.

செறிவூட்டலின் அடிப்படை ஒரே ஒரு கவனிப்புதான். ஒரு மெஷ்ஷில் உள்ள கணுச் சார்புகள் எல்லாவற்றையும் எந்தப் புள்ளியில் கூட்டினாலும் 1 வரும். ஆகவே தீர்வைப் பற்றி உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்த ஒரு சார்பை ஒவ்வொரு கணுச் சார்போடும் பெருக்கி, புது அறியாமாறிகளோடு சேர்த்துக்கொண்டால், அந்தச் சார்பை மெஷ் அப்படியே, பிழையில்லாமல் உருவாக்கிவிடும். மெலென்க்கும் பபுஷ்காவும் 1996-இல் இதற்கு முறையான அடித்தளம் போட்டார்கள். 1999-இல் பெலிட்ச்கோவும் பிளாக்கும், அதே வருடம் மோயஸ், டால்போ, பெலிட்ச்கோ மூவரும் இதை விரிசலுக்குக் கொண்டுவந்தார்கள், அதுதான் எக்ஸ்ஃபெம். ஜிஃபெம் என்பது பபுஷ்காவின் வட்டத்திலிருந்து வந்த பெயர். இன்றைக்கு இரண்டுக்கும் நடுவில் வேலி கிடையாது.

தத்துவம் போதும், ஒரே ஓர் எலிமென்ட்டைக் கையில் எடுத்துப் பார்ப்போம். நீளம் 1 உள்ள கம்பி எலிமென்ட். இடது முனையில் கணு 1, வலது முனையில் கணு 2. இடமிருந்து 0.3 தூரத்தில் விரிசல் அதை வெட்டுகிறது. ஹெவிசைடு சார்பு விரிசலுக்கு இடப்பக்கம் 0, வலப்பக்கம் 1. இதைக் கணுச் சார்புகளோடு பெருக்கிச் சேர்க்கிறோம். ஒவ்வொரு கணுவிலும் அந்தக் கணுவிலேயே உள்ள மதிப்பைக் கழித்துவிடுகிறோம், அப்போதுதான் கணுவின் அறியாமாறி கணுவின் உண்மையான இடப்பெயர்ச்சியாகவே இருக்கும். புது அறியாமாறிகள் இரண்டு: கணு 1-க்கு முதல் தாவல், கணு 2-க்கு இரண்டாம் தாவல்.

இப்போது விரித்து எழுதிப் பாருங்கள். விரிசலின் இடத்துண்டு, கணு 1-இன் இடப்பெயர்ச்சியையும், "கணு 2-இன் இடப்பெயர்ச்சி கழித்தல் இரண்டாம் தாவல்" என்பதையும் மட்டுமே பார்க்கிறது. வலத்துண்டு கணு 2-ஐயும், "கணு 1 கூட்டல் முதல் தாவல்" என்பதையும் பார்க்கிறது. அதாவது இடத்துண்டுக்கு வலது முனையில் இல்லாத ஒரு கணு, வலத்துண்டுக்கு இடது முனையில் இல்லாத ஒரு கணு. ஃபான்டம் நோடு என்பார்கள். நான் நிழல்கணு என்று சொல்லிக்கொள்வேன். ஒரே எலிமென்ட்டை இரண்டு நகலெடுத்து, ஒன்றில் இடப்பக்கத்தையும் மற்றதில் வலப்பக்கத்தையும் மட்டும் உயிரோடு வைத்திருப்பதுதான் இது. 2004-இல் ஹான்ஸ்போ இருவர் இந்த வடிவில்தான் எழுதினார்கள். விரிசலில் இடைவெளி எவ்வளவு? முதல் தாவலில் 0.7 பங்கும் இரண்டாம் தாவலில் 0.3 பங்கும். அவ்வளவுதான். மெஷ் விரிசலை மதிக்கவே தேவையில்லை. விரிசல் எந்தக் கோணத்தில் வெட்டினாலும் மெஷ் அப்படியே கிடக்கும்.

இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் தொல்லைகள் எல்லாமே தானாக விளங்கும். முதல் தொல்லை: விரிசல் 0.3-இல் வெட்டாமல் 0.001-இல் வெட்டினால்? இடத்துண்டு ஒரு சீவல். அதன் நிழல்கணுவுக்கு விறைப்பு அந்தச் சீவலின் நீளத்துக்கு ஏற்பக் குறைகிறது, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. முழு நிறை அணியை வைத்துக்கொண்டால், அதன் நிறையோ நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. சுமார் நூறு கோடியில் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பை நிறையால் வகுத்தால் அதிர்வெண் எகிறுகிறது. எக்ஸ்பிளிசிட் கால ஓட்டத்தில் (சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்காமல் அடுத்த அடியை நேரடியாகக் கணக்கிடுவது) அனுமதிக்கப்படும் காலஅடி வெட்டாத எலிமென்ட்டுக்கு இருப்பதில் சுமார் ஐந்நூறில் ஒரு பங்காகச் சுருங்கும். வெட்டு கணுவை நெருங்க நெருங்கக் காலஅடி பூச்சியத்தை நோக்கிப் போகும். விரிசல் நகரும் கணக்கில் இது தினமும் நடக்கும். நகர்கிற விரிசல் ஏதாவதொரு கணுவின் பக்கத்தில் உரசிக்கொண்டு போகத்தானே செய்யும்.

இதற்குத் தீர்வு நிறையைக் குவிப்பது. நிழல்கணு வடிவத்தில் ஒவ்வொரு நகலின் நிறையையும் உயிரோடு இருக்கும் பங்குக்கு ஏற்ப இரண்டு முனைகளிலும் சமமாகக் கொடுத்துவிட்டால், விறைப்பும் நிறையும் ஒரே விகிதத்தில் குறையும். இந்த ஒரு பரிமாண எலிமென்ட்டில் காலஅடி வெட்டாத எலிமென்ட்டுக்கு இருப்பதேதான், வெட்டு எங்கே விழுந்தாலும். 2000-களின் நடுவில் மெனுயார் முதலானோர் செறிவூட்டிய எலிமென்ட்டுகளுக்கு இப்படிக் குவித்த நிறை அணிகளை வகுத்துக்கொடுத்த பிறகுதான் எக்ஸ்பிளிசிட் எக்ஸ்ஃபெம் நடைமுறைக்கு வந்தது. சீவலுக்குள் நிறை எப்படிப் பரவியிருக்கிறது என்பதில் இது பொய்தான் சொல்கிறது. மொத்த நிறையை மட்டும் சரியாக வைத்திருக்கிறது. நான் அந்தப் பொய்யைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்வேன்.

ஒவ்வோர் அடிக்கும் சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்கும் இம்பிளிசிட் ஓட்டத்தில் காலஅடிக் கவலை இல்லை, பதிலுக்கு அணியின் நிலைமை கெடும், அதாவது சின்ன எண்பிழையும் விடையில் பெரிதாகும். சீவல் பக்கத்து அறியாமாறியை எடுத்துவிடுவது, முன்சீரமைப்பு செய்வது, அல்லது 2012-இல் பபுஷ்காவும் பானர்ஜியும் முன்வைத்த நிலைத்த ஜிஃபெம் வழி என்று தீர்வுகள் உண்டு. அவர்கள் செய்தது எளிமையானது: செறிவூட்டும் சார்பிலிருந்து, மெஷ் ஏற்கெனவே உருவாக்கக்கூடிய பகுதியைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் சேர்ப்பது.

அடுத்து நுனி. ஹெவிசைடு சார்பு எலிமென்ட்டை முழுதாக வெட்டும். விரிசல் எலிமென்ட்டின் நடுவில் முடிந்தால் நுனிக்கென்று வேறு சார்புகள் வேண்டும். வில்லியம்ஸின் தீர்விலிருந்து எடுத்த நான்கு சார்புகள் வழக்கம்: தூரத்தின் வர்க்கமூலத்தைக் கோணத்தின் பாதிக்குரிய சைன், கொசைன்களோடு பெருக்கி வருபவை. இதில் பலர் தவறும் ஓர் இடம் இருக்கிறது. நுனி உள்ள எலிமென்ட்டின் கணுக்களுக்கு மட்டும் இவற்றைச் சேர்த்தால், மெஷ் நுணுக நுணுக செறிவூட்டிய பரப்பும் சுருங்கிக்கொண்டே போகும். பிழை குறையும் வீதம் பழைய 1.41-தான். நுனியைச் சுற்றி மாறாத ஆரமுள்ள ஒரு வட்டத்துக்குள் இருக்கும் எல்லாக் கணுக்களுக்கும் சேர்த்தால்தான் வீதம் உயரும், அதுவும் வட்டத்தின் ஓரத்தில் பாதி செறிவூட்டிய எலிமென்ட்டுகளைச் சரியாகக் கையாண்டால். அப்போது அணியின் நிலைமை மறுபடி கெடும். இந்த முறைகளில் ஒரு பக்கம் கிடைப்பதற்கு இன்னொரு பக்கம் எதையாவது கொடுத்தே தீர வேண்டும்.

நகரும் விரிசலுக்கு நான் நுனிச் சார்புகளைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறேன். அதற்குக் காரணம் சோம்பல் மட்டும் இல்லை. நுனியில் ஒட்டும் விசை வைத்த கோஹெசிவ் மாதிரியில் தகைவு முடிவிலிக்குப் போகவே போகாது. பொருளின் வலிமையோடு நின்றுவிடும். முடிவிலியே இல்லாதபோது அதற்கான சார்பு எதற்கு? அபாகஸ் மென்பொருளிலும் அசையாத விரிசலுக்குத்தான் நுனிச் சார்புகள். நகரும் விரிசலுக்கு நிழல்கணுக்கள் மட்டும்தான், விரிசல் ஒரு நேரத்தில் ஒரு முழு எலிமென்ட்டைத் தாண்டும்.

அந்த "முழு எலிமென்ட்டைத் தாண்டும்" என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. விரிசல் விநாடிக்கு 1,000 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது, எலிமென்ட் 1 மில்லிமீட்டர் என்று வையுங்கள். ஒவ்வொரு மைக்ரோவிநாடிக்கும் ஓர் எலிமென்ட் திடீரென்று விடுபடும். விடுபடும் ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன அதிர்ச்சி அலை கிளம்பும். ஆக மாதிரிக்குள் 1 மெகாஹெர்ட்ஸில் ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கும், பொருளில் அப்படி ஒன்றும் இல்லாமலே. மெஷ்ஷை மாற்றினால் இரைச்சலின் அதிர்வெண் மாறும். இயற்பியலா மெஷ்ஷா என்று சந்தேகம் வந்தால் இந்தச் சோதனையைத்தான் செய்வேன். கோஹெசிவ் விதி இழுவிசையைப் படிப்படியாக விடுவிப்பதால் இரைச்சல் தணியும், கோஹெசிவ் மண்டலத்துக்குள் சில எலிமென்ட்டுகளாவது விழுந்தால். நுனிச் சார்புகளோடு ஆற்றலைக் கறாராகப் பாதுகாக்க விரும்புகிறவர்களுக்கு ரெதோரே, கிரவுயில், கொம்பெஸ்கூர் 2005-இல் காட்டிய வழி இருக்கிறது: விரிசல் நகரும்போது பழைய நுனியின் அறியாமாறிகளைத் தூக்கி எறியாமல் அப்படியே வைத்துக்கொண்டு, புது நுனியின் அறியாமாறிகளைப் பூச்சியத்தில் தொடங்குவது.

இப்போது அலைக்கு வருவோம். அதிர்வெண் தெரிந்த நிலையான அலை என்றால் ஒவ்வொரு கணுவிலும் பல திசைகளில் ஓடும் தள அலைகளை வைத்துச் செறிவூட்டலாம். ஓர் எலிமென்ட்டுக்குள் பல அலைநீளங்களே அடங்கிவிடும். ஓர் அலைநீளத்துக்கு இரண்டரை, மூன்று அறியாமாறிகள் அளவில் நல்ல விடை கிடைப்பதாகப் பல கணக்குகளில் காட்டியிருக்கிறார்கள். பழைய பத்தோடு ஒப்பிடுங்கள். அதையும் ஒவ்வொரு பரிமாணத்துக்கும் ஒருமுறை பெருக்கிக்கொள்ளுங்கள். விலை? அலைந்தாடும் சார்புகளைத் தொகையிட நிறையப் புள்ளிகள் வேண்டும். பக்கத்துப் பக்கத்துத் திசைகள் சின்ன எலிமென்ட்டுக்குள் ஒன்றுபோலவே தெரியும், அணி சிதையும். இந்த முறையில் மெஷ்ஷை நுணுக்குவது சில நேரம் விடையைக் கெடுக்கும். சாதாரண முறையில் பழகிய கைக்கு இது பிடிபட நாளாகும்.

உங்களுடையது அடி விழும் கணக்கு. அதிர்வெண் ஒன்றல்ல, ஒரு கூட்டம். அதற்கு 2012-இல் ஹாமும் பாத்தேயும் வெளியிட்ட வழி பொருத்தம். அலையின் திசை, அதிர்வெண் எதையும் முன்கூட்டி ஊகிக்காமல், கணுச் சார்புகளோடு சைன், கொசைன் சார்புகளைச் சில படிகள்வரை பெருக்கிச் சேர்த்துவிடுவது. எது எவ்வளவு தேவையோ அதைச் சமன்பாடே தேர்ந்துகொள்ளும். அறியாமாறிகள் கூடும், ஆனால் மெஷ் பருமனாகவே இருக்கலாம். முக்கியமாக, அலைமுகப்புக்குப் பின்னால் வரும் பொய்யான அதிர்வுகள் வெகுவாக அடங்கும்.

இனி இரண்டையும் சேர்க்க வேண்டும். செய்கிறவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். விரிசலுக்கு ஹெவிசைடு சேர்த்தாயிற்று, அலைக்குச் சைன் கொசைன் சேர்த்தாயிற்று, இரண்டையும் தனித்தனியாகக் கூட்டிவிட்டால் போதும் என்று தோன்றும். போதாது. சைன் சார்பு விரிசலை அறியாது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரே வீச்சோடு தொடர்ந்து ஓடும். அலையின் கொஞ்சப் பங்கு திறந்த விரிசலுக்குள்ளாகவே கசிந்து மறுபக்கம் போய்விடும். சைன், கொசைன் சார்புகளையும் விரிசலில் வெட்ட வேண்டும், அதாவது ஹெவிசைடையும் அவற்றையும் பெருக்கிய சார்புகளும் வேண்டும். நம் ஒற்றை எலிமென்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: நிழல்கணு வடிவத்தில் எலிமென்ட்டின் இரண்டு நகல்களும் எல்லாச் சார்புகளையும் தங்களோடு எடுத்துக்கொண்டு போகும், ஆகவே வெட்டு தானாக விழும். இதனால்தான் சேர்த்துச் செய்யும்போது நிழல்கணு வடிவத்தையே எழுதுங்கள் என்கிறேன். கணிதத்தில் இரண்டும் ஒன்று. நிரலில் ஒன்று தலைவலி, இன்னொன்று இல்லை.

இன்னொன்று, அடிக்கடி மறந்துபோவது: தொடுகை. அமுக்கு அலை வரும்போது விரிசலின் இரண்டு முகங்களும் ஒன்றையொன்று தொட வேண்டும். தொடுகை விதி வைக்காவிட்டால் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொண்டு, மூடிய விரிசல் வழியாகக் கடக்க வேண்டிய அலை முழுக்கத் திரும்பிவிடும். இழுவை அலைக்கு விரிசல் சுவர், அமுக்கு அலைக்குக் கிட்டத்தட்டக் கதவு. மீயொலிச் சோதனையில் விரிசல் இப்படி மூடித் திறப்பதால் பிறக்கும் இரட்டை அதிர்வெண்ணை வைத்தே விரிசலைக் கண்டுபிடிப்பார்கள். தொடுகை இல்லாத மாதிரியில் அது வரவே வராது.

கால ஓட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குவித்த நிறை, மைய வேறுபாட்டு முறை, காலஅடி சரியாக எல்லையில்: ஒரு பரிமாணத்தில் இடப் பிழையும் காலப் பிழையும் ஒன்றையொன்று முழுக்க அடித்துக்கொண்டு விடை துல்லியமாக வரும். இதைப் பார்த்து மயங்க வேண்டாம். தகட்டில் நெட்டலையும் குறுக்கலையும் வேறு வேறு வேகம். நெட்டலைக்குக் காலஅடி எல்லையில் இருந்தால் குறுக்கலைக்கு அது பாதியளவில்தான் இருக்கும். கூர்மையான அடிக்கு, உயர் அதிர்வெண்ணை மட்டும் தணிக்கும் முறை ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். பாத்தேயின் கூட்டு முறையோ, அதன் எக்ஸ்பிளிசிட் தம்பியான 2013-இன் நோ–பாத்தே முறையோ நன்றாக நடந்துகொள்ளும்.

சரி, இவ்வளவும் செய்தபின் எதோடு ஒப்பிடுவது? கால்ட்ஹாஃபும் விங்க்லரும் 1980-களில் செய்த சோதனைதான் இந்தத் துறையின் உரைகல். வலுவான எஃகுத் தகடு, ஓரத்தில் இணையாக இரண்டு வெட்டுகள், இரண்டுக்கும் நடுவில் எறிபொருள் மோதுகிறது. வழக்கமாகக் கணக்கிடும் மாதிரியில் தகடு 100-க்கு 200 மில்லிமீட்டர், வெட்டின் நீளம் 50 மில்லிமீட்டர். மோதும் வேகம் விநாடிக்கு 33 மீட்டர் என்றால் விளிம்பில் 16.5 கொடுப்பார்கள், எறிபொருளும் தகடும் ஒரே அலை மறிப்பு (அடர்த்தி பெருக்கல் அலை வேகம்) கொண்டவை என்பதால் பாதி. யங் குணகம் 190 கிகாபாஸ்கல், பாய்சான் விகிதம் 0.3, அடர்த்தி கனமீட்டருக்கு 8,000 கிலோ என்று போட்டால் நெட்டலை வேகம் விநாடிக்குச் சுமார் 5,650 மீட்டர், குறுக்கலை 3,020, மேற்பரப்பில் ஓடும் ரேலி அலை 2,800. அலை வெட்டின் நுனியை அடைவது சுமார் 8.8 மைக்ரோவிநாடியில். எதிர் ஓரத்தில் மோதித் திரும்பி வருவது 26.5-இல்.

நடுத்துண்டு தள்ளப்படுகிறது, வெட்டுக்கு வெளியே உள்ள பகுதி இன்னும் அசையவில்லை. ஆகவே நுனி திறக்கவில்லை, சறுக்குகிறது. தூய சறுக்கலில் விரிசல் எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்கு எர்டோகனும் சீயும் 1963-இல் சொன்ன விதி 70.5 பாகை தருகிறது. சோதனையில் குறைந்த மோதல் வேகத்தில் கிடைத்தது ஏறக்குறைய 70 பாகை. மோதல் வேகம் கூடினால் கதையே மாறும்: விரிசலுக்குப் பதில் வெப்பத்தால் மென்மையான ஒரு சறுக்கல் பட்டை கிளம்பும். நேரியல் மீள்தன்மை மாதிரி அதைத் தராது, எதிர்பார்க்கவும் கூடாது. உங்கள் மாதிரியில் விரிசலின் வேகம் ரேலி அலையின் 2,800-ஐ நெருங்கினாலும் எங்கோ தவறு. இழுவையால் திறக்கும் விரிசல் அந்த வேகத்தைத் தாண்டாது. உண்மையில் அதற்கு வெகு முன்பே கிளைவிடத் தொடங்கிவிடும்.

கிளை என்றதும் சொல்ல வேண்டியது: விரிசல் பல கிளைகளாகப் பிரியும், துண்டுதுண்டாகச் சிதறும் என்றால் எக்ஸ்ஃபெம்மை நான் கையில் எடுப்பதில்லை. ஒவ்வொரு கிளைக்கும் தனிச் சார்பு, ஒவ்வொரு சந்திப்புக்கும் தனிக் கவனம் என்று நிரல் பூதாகரமாகிவிடும். அந்த இடத்தில் ஃபேஸ்ஃபீல்டு முறை மேல். விரிசலை அது மெலிந்த சேதப் பட்டையாகப் பரப்பிவிடுவதால் கிளை தானாக வரும். அந்தப் பட்டையின் அகலத்துக்குள் சில எலிமென்ட்டுகளாவது இருக்கவேண்டும் என்பதால் மெஷ் மிக நுண்மையாகும். எப்படியும் மெஷ் நுண்மையாக இருப்பதால் அலைக்கும் அது உதவும் என்பது ஓர் ஆறுதல்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் விரிசலே இல்லாத தகட்டில் ஓர் அலையை ஓட்டுங்கள், 8.8 மைக்ரோவிநாடி கணக்கில் 8.8-ஆகவே வருகிறதா, எதிர் ஓரத்தில் திரும்பி வந்தபின் வடிவம் எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று பாருங்கள். வராவிட்டால் மெஷ்ஷையோ சைன், கொசைன் படியையோ கூட்டுங்கள். அப்புறம் அசையாத, திறந்த ஒரு விரிசலை வைத்து, மறுபக்கம் எதுவும் கசியவில்லையே என்று பாருங்கள். அடுத்து அதே விரிசலைக் கொஞ்சம் நகர்த்தி, ஒரு கணுவிலிருந்து எலிமென்ட் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு தூரத்துக்குக் கொண்டுபோய், மறுபடி ஓட்டுங்கள். விடை கண்ணுக்குத் தெரியும்படி மாறினாலோ காலஅடி சரிந்தாலோ விரிசலை நகர விடாதீர்கள்; நிறைக் குவிப்பை எழுதிய இடத்துக்குத் திரும்பிப் போங்கள். என் நிரலில் அந்த மூன்றாவது சோதனைதான் தோற்றது: நிழல்கணுவுக்கு நிறையைக் கொடுக்கும் வரியில் வலத்துண்டின் பங்கைப் போட வேண்டிய இடத்தில் இடத்துண்டின் பங்கைப் போட்டிருந்தேன். வெட்டு சரியாக நடுவில் விழுந்தவரை அது தெரியவே இல்லை.